எந்தப் பிஸ்டனுடைய முறை?

எஞ்சின் விளக்கு இரண்டாம் தடவை எரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, "பி0340, கேம் சென்சர் போச்சு" என்று சொல்லிப் புதியதைப் போட்டுக் கொடுத்தார்கள். 180 வெள்ளி செலவு. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஐந்தாறு வினாடி இழுத்த பிறகே எஞ்சின் பிடிக்கும். பிடித்துவிட்டால் ஒழுங்காக ஓடும். இதுதான் நோய். சென்சரை மாற்றியதும் போன நோய் அப்படியே திரும்பிவிட்டது.

மஸ்ஜித் தானா கடைத்தெருவுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்குள்ள போமன் நம் பையன். (மெக்கானிக்கை இங்கே போமன் என்றுதான் சொல்வோம். ஃபோர்மேன் என்ற சொல் மலாய்க்காரர் பேச்சில் அப்படித் தேய்ந்து, நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது.) அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. "ராத்திரி காடிய எங்கண்ணே போடுவீங்க?" என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால், செம்பனை ஓரத்தில் என்றேன். "சரி, பாப்போம்" என்று பானெட்டைத் திறந்தார்.

அவர் எதைத் தேடினார் என்பது விளங்க, அந்தச் சென்சரின் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் நான்கு வேலைகளை மாறி மாறிச் செய்கிறது. காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுக்கும், அமுக்கும், எரிந்த வேகத்தில் கீழே தள்ளப்படும், புகையை வெளியேற்றும். இந்த நான்கும் முடிய கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் அதே நேரத்தில் ஒரே ஒரு சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1-ஆம் பிஸ்டனும் 4-ஆம் பிஸ்டனும் எப்போதும் சேர்ந்தே மேலே வரும், சேர்ந்தே கீழே போகும். ஆனால் மேலே வரும்போது ஒன்று கலவையை அமுக்கிக்கொண்டு வருகிறது, மற்றது புகையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பொறி தேவைப்படுவது முதலாவதற்கு மட்டும்.

கிராங்க்ஷாஃப்டின் அருகே இருக்கும் சென்சருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதன் முன்னால் சுழலும் பல்சக்கரத்தில் பல எஞ்சின்களில் 60 பற்களுக்கு இடமிருக்கும். 58 பற்கள்தான் இருக்கும். இரண்டு பல் விடுபட்ட அந்த ஓட்டையை வைத்து, பிஸ்டன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எஞ்சின் கணினி எண்ணிக்கொள்கிறது. உயரம் தெரிந்துவிட்டது. 1-ஆம் பிஸ்டனுடைய முறையா, 4-ஆம் பிஸ்டனுடைய முறையா? அதைச் சொல்வதற்குத்தான் பாதி வேகத்தில் சுற்றும் கேம்ஷாஃப்டின் பக்கத்தில் இன்னொரு சென்சர்.

1985 ஜூலையில் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் இந்தச் சென்சர் கிடையாது. அந்த வேலையை டிஸ்டிரிபியூட்டர் செய்தது. கேம்ஷாஃப்டின் கதியிலேயே சுற்றி, எந்தப் பிளக்குக்கு மின்சாரம் போக வேண்டும் என்று கையைக் காட்டுவதுபோலக் காட்டிவிடும். மூடியைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம். அதனால் அந்தக் காலத்துப் போமன்மார் காதாலும் கண்ணாலும் பழுது கண்டுபிடித்தார்கள். இன்றைய எஞ்சினில் அதே சங்கதி ஒரு மெல்லிய கம்பி வழியாக மின்சாரத் துடிப்பாகப் போகிறது. 3,000 சுற்று வேகத்தில் கேம்ஷாஃப்ட் வினாடிக்கு 25 முறை சுற்றுகிறது. கண்ணும் காதும் அங்கே எட்டாது.

பெரும்பாலான கார்களில் இது ஹால் வகைச் சென்சர். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர், கண்ணாடியின் மேல் ஒட்டிய தங்கத் தாளில் மின்சாரம் பாயவிட்டு, அதைக் காந்தத்தின் நடுவே வைத்தார். ஓடும் மின்சாரம் ஒரு பக்கமாக ஒதுங்கி, தாளின் குறுக்கே சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறந்தது. எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலம் அது. தெரிய இன்னும் 18 ஆண்டு ஆனது. விரல் நுனி அளவு சென்சருக்குள் இன்று நடப்பதும் அதேதான். சக்கரத்தின் இரும்புப் பல் எதிரே வரும்போது காந்தப்புலம் மாறுகிறது, அழுத்தம் மாறுகிறது, கம்பியில் 5 வோல்ட் பூஜ்யமாகிறது. பல் விலகினால் மறுபடி 5.

இந்தச் செய்தி வராவிட்டால் எஞ்சின் ஏன் முழுதாக நின்றுவிடுவதில்லை? பல கார்களில் கணினிக்கு இந்தத் தகவல் முக்கியமாகத் தேவைப்படுவது தொடக்கத்தில்தான். எந்தச் சுற்று என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு கிராங்க் பற்களை எண்ணியே காலம் தள்ளும். தெரியாவிட்டால் ஊகித்து, தவறினால் மாற்றி, மறுபடி முயலும். என் காரில் ஸ்டார்ட்டர் அவ்வளவு நேரம் இழுத்தது அதனால்தான். வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்தின்போதே மாற்றும் எஞ்சின்களில் இந்தச் செய்தி கடைசிவரை வேண்டும். இல்லையென்றால் இழுவை குறையும்.

இப்போது பி0340-க்கு வருகிறேன். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான 16 முனைச் சோதனைச் செருகியும் இந்தக் குறியீடுகளும் உலகமெங்கும் பரவிவிட்டன. பி0340 என்ற குறியீட்டின் பொருள் கேம்ஷாஃப்ட் நிலை சென்சரின் மின்சுற்றில் கோளாறு என்பது. மின்சுற்று என்றால் சென்சர் மட்டுமல்ல. செருகி, மூன்று கம்பிகள், தரை இணைப்பு, கணினி எல்லாம் சேர்ந்தது. ஸ்கேனர் தெருவைத்தான் காட்டுகிறது, வீட்டை அல்ல. அந்த எண்ணைப் படித்தவுடனே பொருளை மாற்றும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. அதில் வீணாவது சாதாரணக் குடும்பத்தின் பணம்.

போமன் சென்சரின் செருகியைக் கழற்றினார், சாவியைத் திருப்பச் சொன்னார், மல்ட்டிமீட்டரை எடுத்தார். கம்பி பக்கத்தில் முதல் முனை 12 வோல்ட், சென்சருக்கான உணவு. அடுத்தது தரை, பூஜ்யம். மூன்றாவது, கணினி செய்திக்காகத் திறந்து வைத்திருக்கும் வழி, 5 வோல்ட். மூன்றும் சரி. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். அவர் மீட்டரை மூன்றாவது முனையில் வைத்தபடியே, இடது கையால் கம்பிக் கட்டைச் செருகியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போனார். ஒரு சாண் தூரத்தில் எண் 4.98-இலிருந்து 0.3-க்கு விழுந்து மறுபடி ஏறியது. கறுப்பு நாடாவைப் பிரித்தார். கம்பியின் தோலில் இரண்டு வரிசைப் பல் தடம். உள்ளே செப்பு இழைகள் பச்சை பூத்து, இரண்டே இழை பிடித்துக்கொண்டிருந்தன.

எலி. செம்பனைப் பழத்துக்கு வரும் எலியை ஒழிக்கத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். இரவில் வெதுவெதுப்பான எஞ்சின் அந்த எலிக்கு நல்ல படுக்கை. தஞ்சோங் பிடாராவிலிருந்து வரும் உப்புக்காற்று, கடித்த இடத்தைப் பச்சையாக்கியிருக்கும். அவருடைய முதல் கேள்வி இதற்குத்தான்.

புதிய சென்சர் போட்டதும் நோய் போனதே, அது எப்படி என்று கேட்டேன். "சென்சர கழட்டி மாட்டினா கம்பி அசையும்ணே. அசைஞ்சதுல ஒட்டிக்கிச்சு. ரெண்டு வாரம் தாங்கியிருக்கு." இந்தத் தொழிலில் ஏமாற்றமே இப்படித்தான் வருகிறது. மாற்றிய பொருள் குணப்படுத்தியதுபோலத் தெரியும், குணப்படுத்தியது கை பட்டது.

சென்சரே கெடுவதும் உண்டு. குளிர்ந்திருக்கையில் நன்றாக ஓடி, சூடேறியதும் செய்தி அறுந்து, ஆறினால் மறுபடி உயிர்பெறும் சென்சரை நம்பக் கூடாது. பி0341 அல்லது பி0016 வந்தால் பார்வை வேறு பக்கம் போக வேண்டும். அங்கே சென்சர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். டைமிங் செயின் தளர்ந்து கேம்ஷாஃப்ட் பின்தங்கியிருக்கலாம். அதில் சென்சரை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

எங்கள் மாவட்டத்துப் பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார்கள் தயாராகின்றன. கார் செய்யும் ஊரில், மீட்டரைப் பிடித்து மூன்று கம்பியை அளக்கும் கையும் பெருக வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது, பொருளை மாற்றுமுன் அளந்து பார் என்பதுதான்.

போமன் கெட்ட பகுதியை வெட்டி, புதுக் கம்பி சேர்த்து ஈயம் வைத்தார். சுருங்கு குழாய் போட்டு, மேலே நெளிவுக் குழாயால் மூடினார். பிறகு, "பழைய சென்சர தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றார். காரின் பின்பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து மாட்டி, கம்பியில் மீட்டரைக் குத்தி, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கையாலேயே மெதுவாகத் திருப்பினார். 5, 0, 5, 0.

"இதுவே ஓடட்டும்ணே. புதுச டாஷ்போர்டுல வைங்க."