சித்திரம் பயிலப் பதினைந்து வயது பிந்தியதா?

சிறு குழந்தையின் கையில் ஒரு கரித்துண்டு அகப்பட்டால் வீட்டுச் சுவர் முழுவதும் சித்திரமாகிவிடும். ஒரு வட்டமும் நான்கு கோடுகளும் அதற்குத் தாயாகின்றன. ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் வீடாகின்றன. தான் வரைந்தது நன்றோ தீதோ என்ற ஐயம் அக்குழந்தைக்கு எழுவதேயில்லை. அதே பிள்ளை பத்தாம் வகுப்பை அடைந்ததும், "எனக்குக் கீறவே வராது" என்று சொல்லிப் பென்சிலை வைத்துவிடுகின்றது. இடையில் நிகழ்ந்தது யாது?

சித்திரம் ஒரு வரப்பிரசாதம் என்றும், அது சிலருக்கே பிறவியில் வாய்ப்பதென்றும் பலர் விடை கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. பத்து வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில் பிள்ளையின் பார்வையிலே ஒரு மாற்றம் உண்டாகின்றது. அதுவரை வட்டமும் கோடுகளும் போதுமென்றிருந்த பிள்ளை, தான் வரையும் மாடு உண்மையான மாட்டைப் போலவே இருக்கவேண்டுமென்று விரும்பத் தொடங்குகின்றது. கண் பிழையைக் காண்கின்றது. கையோ அப்பிழையைத் திருத்த அறியாது நிற்கின்றது. இந்த அதிருப்தியையே பிள்ளையும் பெற்றோரும் திறமையின்மை என்று தவறாகக் கொள்கின்றனர்.

உண்மை இதற்கு நேர்மாறானது. தன் சித்திரத்தில் உள்ள குறையைக் காணும் மாணவனுக்குக் கண் முன்னே சென்றுவிட்டது. கை மட்டுமே பின்தங்கியுள்ளது. பின்தங்கிய கையைப் பயிற்சியினால் முன்னே கொண்டுவரலாம். ஆகவே, "எனக்கு வராது" என்று ஒருவன் சொல்லும் அந்த வயதே முறையான பயிற்சியைத் தொடங்குதற்கு ஏற்ற வயதாகும். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, பழக்கத்தால் வருவன இவை, பிறவியோடு வருவன இவை என்று வகுக்கும்போது, சித்திரத்தைப் பழக்கத்தின் பக்கத்திலேயே வைத்துள்ளமை நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

பிந்தித் தொடங்கிய ஒருவர்

ஒல்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோ 1853ஆம் ஆண்டிற் பிறந்தவர். சித்திர வியாபார நிலையத்தில் ஊழியராகவும், ஆசிரியராகவும், பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் மதபோதகராகவும் வாழ்ந்து பார்த்து, ஒன்றிலும் நிலைகொள்ளாது, 1880ஆம் ஆண்டில், தம் இருபத்தேழாவது வயதிலேதான் ஓவியராவதென உறுதிபூண்டார். அக்காலத்து அவர் வரைந்த உருவங்கள் விறைப்பும் கோணலும் உடையன. ஆயினும் அவர் சோரவில்லை. சாள்ஸ் பார்க் என்பார் மாணவருக்கென வெளியிட்ட சித்திரப் பயிற்சித் தாள்களைப் பொறுமையோடு பார்த்து வரைந்தார். 1890ஆம் ஆண்டில் அவர் இறக்கும்போது பயின்ற காலம் பத்து ஆண்டுகளே. அதற்குள் எண்ணூறுக்கு மேற்பட்ட எண்ணெய் வர்ண ஓவியங்கள் அவர் கையிலிருந்து பிறந்தன. இருபத்தேழு வயது அவருக்குப் பிந்தியதன்று எனின், பதினைந்து வயது நம் மாணவர்க்குப் பிந்தியதாகுமா?

எல்லாரும் வான்கோ ஆகவேண்டும் என்பது நம் கருத்தன்று. கற்கத் தொடங்குவோர் அனைவரும் விறைத்த கோடுகளின் வழியாகவே செல்லுதல் வேண்டும் என்பதையே அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

வேண்டிய பொருள்கள்

விலையுயர்ந்த வர்ணப் பெட்டியை வாங்கித் தந்தாலன்றித் தொடங்க முடியாது என்பது சோம்பலின் வாதம். கோடிடாத வெள்ளைத்தாட் கொப்பி ஒன்று, பென்சில் இரண்டு, றப்பர் ஒன்று, இவ்வளவே போதும். பென்சிலின் உள்ளே இருப்பது ஈயமன்று. காரீயம் எனப்படும் ஒருவகைக் கரியும் களிமண்ணும் கலந்த கலவையாகும். 1795ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கொன்டே என்பார் கண்ட முறை இது. களிமண் மிகுந்தால் பென்சில் வன்மையும் மங்கலுமாகும். குறைந்தால் மென்மையும் கருமையுமாகும். எச்பி என்று குறித்த பென்சில் ஒன்றும், அதனினும் மெதுவான 4பி ஒன்றும் வைத்திருப்பவனுக்கு மெல்லிய கோடு முதல் கரிய நிழல் வரை எல்லாம் கைகூடும்.

றப்பரை முதல் மாதத்தில் மேசையின் மறுகோடியில் வைத்துவிடுதல் நன்று. முற்றத்திலே கோலமிடும் பெண்கள் ஒவ்வோர் இழையையும் அழித்து அழித்து இடுவதில்லை. பிழைத்த கோட்டை விட்டுவிட்டு, அதன் அருகே திருந்திய கோட்டை இடுக. எங்கே பிழைத்தோம் என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புலனாகும்.

அறிந்ததை அன்று, கண்டதை வரைக

சித்திரப் பயிற்சியின் முழு இரகசியமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். ஒரு செம்பை மேசைமேல் வைத்து வரையுமாறு சொன்னால், மாணவர் பலர் அதன் வாயை முழு வட்டமாக வரைந்து, அடியை நேர்கோடாக முடிப்பர். வாய் வட்டமென்பதும், செம்பு தட்டையாக நிலத்திற் படிந்திருக்கும் என்பதும் அவர்கள் அறிந்தவை. கண் காண்பதோ வேறு. செம்பின் வாய் நம் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது அது நீள்வட்டமாகத் தோன்றும். செம்பை மெல்ல உயர்த்தினால் அந்நீள்வட்டம் ஒடுங்கி, கண்மட்டத்தை அடைந்ததும் ஒரே கோடாகிவிடும். அடியும் அவ்வாறே வளைந்து தோன்றும். மனித முகத்தை வரைவோர் கண்களை நெற்றிக்கு அருகே ஏற்றிவிடுதலும் இவ்வகைப் பிழையே. தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவிலேதான் கண்கள் அமைந்துள்ளன. கண்ணாடியின் முன் நின்று அளந்து பார்ப்போர் வியப்படைவர்.

அறிவு கண்ணை மறைக்காதிருக்கச் சில பயிற்சிகள் உண்டு.

முதலாவது: இடக்கையை மேசைமேல் வைத்து, தாளைப் பாராமல், கையின் ஓரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வலக்கையால் மிக மெதுவாக வரைக. எறும்பு ஒன்று விரலோரமாக ஊர்ந்து செல்வதாகவும், பென்சில் அதனோடு செல்வதாகவும் எண்ணுக. கிடைக்கும் உருவம் நகைப்பிற்கிடமாக இருக்கும்; ஆயினும் மடிப்பும் சுருக்கமும் அதிற் கண்ட அளவு வேறெதிலும் கண்டிரோம்.

இரண்டாவது: கோடுகளால் ஆன ஒரு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைக. தலைகீழாக உள்ளபோது மூக்கு, கண் என்னும் பெயர்கள் மறைந்து, கோடுகளும் வளைவுகளும் மட்டுமே எஞ்சும். பெயர் மறையக் காட்சி தெளிவாகும்.

மூன்றாவது: பொருளை விட்டு, பொருள்களுக்கு இடையேயுள்ள வெளியை வரைக. நாற்காலியின் கால்களுக்கு நடுவே தோன்றும் வடிவங்களைச் சரியாக வரைந்துவிட்டால், நாற்காலி தானாகவே சரியாக அமைந்துவிடும்.

நான்காவது: அளத்தல். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியைப் பொருளின் உச்சிக்கும் பெருவிரலை அதன் அடிக்கும் பொருத்தி உயரத்தை அளக்க. அதே அளவை அகலத்தோடு ஒப்பிடுக. இவ்வகையில் அளக்கத் தடுமாறுவோர் காகித அட்டையிற் சாளரம் போன்று வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, அதனூடே பார்த்து வரையலாம். வான்கோவும் தாம் பயின்ற காலத்தில் கம்பியோ நூலோ கட்டிய இத்தகைய சட்டமொன்றைப் பயன்படுத்தினார். ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒளியும் நிழலும் அசைவும்

உருவத்தின் ஓரம் ஓரளவு வசப்பட்டதும் நிழலுக்குச் செல்லலாம். இதற்குக் கோழிமுட்டையினும் சிறந்த ஆசிரியர் இல்லை. வெள்ளைத் தாளின்மேல் ஒரு முட்டையை வைத்து, ஒரு பக்கத்துச் சாளரத்தை மட்டும் திறந்து விடுக. ஒளி நேரே படும் இடம், மெல்ல மங்கும் இடம், மிகக் கரிய இடம், தாளிலிருந்து மீண்டுவரும் ஒளியாற் சற்றே வெளுத்த விளிம்பு, தாளின்மேல் விழும் நிழல் என ஐந்து நிலைகள் தோன்றும். முட்டை அமைந்தபின் மூக்குப்பேணி, தேங்காய்ச் சிரட்டை, பனையோலைப் பெட்டி என நம் வீட்டுப் பொருள்களையே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்க. மினுங்கும் பித்தளை ஒரு பாடம். சொரசொரப்பான சிரட்டை மற்றொரு பாடம்.

அசையும் பொருள்களை வரைய வேறு முறை வேண்டும். முற்றத்துக் கோழியும் வேலியோரத்து ஆடும் நமக்காகக் காத்து நில்லா. ஒரு நிமிடத்துக்குள் அவற்றின் முதுகுக் கோட்டையும் தலையின் சாய்வையும் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். சந்தையிலும் பஸ் நிலையத்திலும் காத்திருக்கும் நேரத்தை இவ்வாறு பயன்படுத்தலாம். வர்ணத்தைப் பற்றிய அவசரம் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் கலந்து எத்தனை வகை நிறம் பிறக்கின்றதென அறிந்தபின் பெரிய பெட்டியை வாங்குக. நீர்வர்ணத்தில் வெளிறிய நிறத்தை முன்னும் கரிய நிறத்தைப் பின்னும் இடுதலே முறை. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவிடல் வேண்டும்.

கைத்தொலைபேசியிற் காணும் புகைப்படத்தைப் பார்த்து வரைவது இன்று மாணவர்க்கு எளிதாயுள்ளது. அதனை முற்றாக விலக்க வேண்டுவதில்லை. ஆயினும் முப்பரிமாணமுள்ள பொருளைத் தட்டையான தாளுக்கு மாற்றும் வேலையே சித்திரக்காரனின் முதல் வேலை. புகைப்படத்தில் அவ்வேலையைக் கருவி முன்னரே செய்து முடித்துவிடுகின்றது. ஆகவே நேரிற் கண்டு மூன்று படம் வரைந்தவன் புகைப்படம் பார்த்து ஒன்று வரையலாம். பெரிய ஓவியரின் சித்திரங்களைப் பார்த்து வரைதலோ மிகப் பழைய கல்விமுறை. பார்த்து வரைந்ததென அடியிற் குறித்துவிட்டால் அதிற் களவு யாதுமில்லை.

நாளும் இருபது நிமிடம்

கிழமைக்கு ஒருநாள் மூன்று மணித்தியாலம் வரைவதினும் நாள்தோறும் இருபது நிமிடம் வரைவது மேலானது. பாடப் புத்தகங்களைத் திறக்கு முன் அந்த இருபது நிமிடத்தையும் ஒதுக்கிவிடுக. ஒவ்வொரு பக்கத்திலும் திகதி இடுக. எப்பக்கத்தையும் கிழிக்க வேண்டாம். முதல் நாள் வரைந்த அதே செம்பை மூன்று மாதங் கழித்து மீண்டும் வரைந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குக. அயல் வகுப்பு மாணவனின் படத்தோடு ஒப்பிடுதல் சோர்வையே தரும். சென்ற மாதத்துத் தன் படத்தோடு ஒப்பிடுதல் ஊக்கத்தைத் தரும்.

தனியே பயில்வோர் விரைவிற் களைத்துவிடுவர். 1938ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே எஸ். ஆர். கனகசபை அவர்கள் தொடக்கிய வின்சர் ஓவியக் கழகமும், 1943ஆம் ஆண்டிற் கொழும்பில் தோன்றிய நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழுவும் இந்நாட்டு ஓவியத்துக்குச் செய்த பணி யாவரும் அறிந்ததே. பிற்காலத்தில் குருநகரிற் பிறந்த ஓவியர் அ. மாற்கு அவர்களைச் சூழ்ந்து ஒரு மாணவர் தலைமுறை வளர்ந்தது. நான்கு மாணவர் ஞாயிறு தோறும் ஒரு மரநிழலிற் கூடி ஒரே பொருளை வரைந்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்ப்பாராயின், அதுவும் ஒரு கழகமே. இதனைத் தொழிலாகவோ உயர்கல்வியாகவோ கொள்ள விரும்புவோர்க்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையும், மட்டக்களப்பில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உள்ளன.

பெற்றோருக்கு ஒரு சொல்

"சித்திரம் சோறு போடுமா?" என்று நம் பெற்றோர் கேட்பது இயல்பே. ஸ்பெயின் நாட்டில் ரமோன் இ கஹால் என்ற சிறுவன் ஓவியனாக விரும்பினான். மருத்துவரான தந்தையோ அவ்விருப்பத்தைத் தடுத்து மருத்துவத்தில் சேர்ப்பித்தார். மகனும் மருத்துவரானார், ஆனால் பென்சிலை விடவில்லை. நுணுக்குக்காட்டியிற் கண்ட நரம்புக் கலங்களைத் தம் கையாலேயே வரைந்தார். அவ்வாராய்ச்சிக்காக 1906ஆம் ஆண்டில் நோபெல் பரிசைக் கொல்ஜி என்பாரோடு பகிர்ந்து பெற்றார். அவர் வரைந்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. தந்தை விரும்பிய மருத்துவத்துக்கு மகன் விரும்பிய சித்திரமே கண்ணாய் அமைந்தது.

ஆயினும் பயன் கருதி மட்டும் சித்திரத்தைப் பயிலுமாறு நாம் கூறவில்லை. ஒரு வேப்பிலையை இருபது நிமிடம் இமையாது நோக்கி வரைந்த பிள்ளை, அதன் விளிம்பு அரம்போல் இருப்பதையும், இலையின் இருபாதிகளும் ஒத்திராமல் ஒருபாதி குறுகியிருப்பதையும் முதன்முறையாகக் காண்கின்றது. ஆயிரம் முறை கடந்து சென்ற மரத்தை அன்றுதான் அது பார்க்கின்றது. பரீட்சைக்குச் சித்திரத்தைத் தெரிவு செய்யாத மாணவனுக்கும் இப்பேறு உரியதே. ஆகையால் பெற்றோர் செய்யவேண்டியது பெரிதன்று: ஒரு கொப்பியும், ஒரு மூலையும், இருபது நிமிடமும் கொடுத்து, "இது என்ன மாடா, கழுதையா?" என்ற பரிகாசத்தை மட்டும் அடக்கிக்கொள்ளுதல். அப்பரிகாசம் நின்ற வீடுகளிற் பென்சில் மீண்டும் கைக்கு வரும்.

மாணவரே, இன்று மாலை அடுக்களையிலிருந்து ஒரு செம்பை எடுத்து மேசைமேல் வைத்து, அதன் வாய் உங்கள் கண்ணுக்கு எவ்வடிவிற் தோன்றுகின்றதென்று முதலிற் பாருங்கள், பின்னர் வரையுங்கள்.