தாமரை இலையும் மைத்துளியும்

சிலாங்கூர் மாநிலத்தின் டெங்கில் வட்டாரத்தில் பாயா இண்டா சதுப்புநிலப் பகுதி உள்ளது. முன்பு ஈயம் தோண்டிய பள்ளங்கள் இன்று அங்கு ஏரிகளாகக் காட்சியளிக்கின்றன. அவற்றுள் ஒன்று தாமரையின் பெயரைத் தாங்கியுள்ளது. தாமரை இலைமீது விழும் மழைத்துளி ஒட்டாமல் முத்துப்போல் உருண்டோடும். ‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்னும் உவமைத்தொடர் இக்காட்சியிலிருந்தே பிறந்தது.

அவ்விலையின் மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்மேடுகளும் மெழுகுப் படலமும் உள்ளன. அதனால் துளி இலையோடு ஒட்டுவதில்லை. துளியின் விளிம்பு மேற்பரப்போடு அமைக்கும் கோணத்தைத் தொடுகோணம் என்பர். தாமரை இலையில் இது 150 பாகையைத் தாண்டும். தூய கண்ணாடியில் நீர் பரவிவிடுவதால் கோணம் மிகச் சிறியதாக இருக்கும். கோணம் குறையக் குறைய மேற்பரப்பு நன்றாக நனையும்.

நீர் ஒட்டாத தன்மை தாமரைக்கு நன்மை தருகிறது. உருளும் நீர் இலையிலுள்ள தூசியை அகற்றுகிறது. ஆனால், அச்சுத் தொழிலுக்கு அத்தகைய தன்மை இடையூறாகும். பாலிஎத்திலீன் போன்ற நெகிழிகளில் நுண்மேடுகள் இல்லாவிடினும் அவற்றின் மேற்பரப்பு ஆற்றல் குறைவு. ஆகவே, மை சரியாகப் பரவாமல் திரண்டு நிற்கும். காய்ந்த பின்னரும் எளிதில் உரிந்துவிடும். மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி அழிந்துவிட்டால், அம்மருந்தை எவ்வாறு நம்பி உட்கொள்வது?

இச்சிக்கலைத் தீர்க்கப் பிளாஸ்மா உதவுகிறது. வாயுவுக்கு மின்னாற்றலை அளிக்கும்போது அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. அந்நிலையே பிளாஸ்மா. 1928ஆம் ஆண்டில் இர்விங் லாங்மியூர் இப்பெயரைச் சூட்டினார். மின்னலும் பிளாஸ்மாவே. காற்றிலோ ஆக்சிஜனிலோ உருவாக்கிய பிளாஸ்மா நெகிழியின்மீது படும்போது அழுக்கு நீங்குகிறது. நீரை ஈர்க்கும் ஆக்சிஜன் தொகுதிகள் மேற்பரப்பில் இணைகின்றன. மிக மெல்லிய மேலடுக்கே மாறுவதால் நெகிழியின் வலிமை குன்றுவதில்லை.

எனினும், அளவு முக்கியம். இங்க்ஜெட் அச்சுப்பொறி மையை நுண்துளிகளாகத் தெளிக்கிறது. தொடுகோணம் மிகுந்தால் துளிகள் ஒன்றுசேராமல் கோடு அறுபடும். மிகவும் குறைந்தால் மை பரவி எழுத்துகள் மங்கும். மேலும், பிளாஸ்மா தரும் மாற்றம் நாளடைவில் தேய்ந்துவிடும். எனவே, பதப்படுத்திய நெகிழியில் காலம் தாழ்த்தாமல் அச்சிடுவதே சிறப்பு.

தாமரைக்கு ஒட்டாமை தேவை; அச்சுக்கு அளவான ஒட்டுதல் தேவை. கண்ணுக்குத் தெரியாத மேலடுக்கே இரண்டையும் தீர்மானிக்கிறது.