குடவோலையும் புள்ளிமுறையும்: ஐயத்திற்குரிய தகவலைக் கொண்டு தேர்ந்தெடுத்தல்

பல அளவைகளால் எடைபோட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, சில அளவைகள் ஐயமின்றி அறியத்தக்கன. சில ஊகித்தே அறியப்படுவன. இவ்விரண்டையும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்த்தல் தகுமா? இவ்வினாவிற்குத் தொண்டைநாட்டுச் சபையொன்று 10ஆம் நூற்றாண்டில் கண்ட விடையைக் கனடிய அரசு 1967இல் கண்ட விடையோடு ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உத்தரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்கு (கி.பி. 919, 921) உரியவை. பிந்தையது வாரிய உறுப்பினர்க்குரிய தகுதிகளை வரையறுக்கிறது: கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவை, வேதப் பயிற்சி. அரைக்கால் வேலியே உடையவரும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்று விளக்கவல்லவராயின் ஏற்கப்பட்டார். நிலத்தின் குறையைக் கல்வியின் மிகுதி ஈடுசெய்தது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்க்கோ எதனாலும் ஈடில்லை. அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இவையனைத்தும் ஊரார் நேரில் அறியக்கூடியவை.

காரியத் திறமும் தூய உள்ளமும் வேண்டும் என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஆயின் அவற்றுக்கு அளவு கூறவில்லை. தகுதியுடையோருள் சிறந்தவர் யார் என்று தரவரிசைப்படுத்தவும் முற்படவில்லை. 30 குடும்புகளிலும் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஓலைகளை வேறுபடுத்தி அறியாத சிறுவன் ஒருவன் எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். அச்சபை பிரமதேயத்து அந்தணர்க்கே உரியது என்பதை மறந்து அதனை மக்களாட்சி என்று போற்றுவது நம் மேடைகளின் வழக்கம். அதன் உண்மையான நுட்பம் அளக்கவியலாததை அளந்ததாகக் காட்டாமையில் உள்ளது என்பது என் கருத்து.

1967 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த கனடியக் குடிவரவுப் புள்ளிமுறை ஒன்பது அளவைகளைக் கொண்டது. 100இல் 50 பெற வேண்டும். கல்விக்கும் பயிற்சிக்கும் உச்சம் 20. ஊக்கம், முயற்சி, புதிய சூழலுக்கு இசையும் தன்மை ஆகியவற்றை நேர்காணலில் கண்டு அதிகாரி இடுவது உச்சமாக 15. உத்தரமேரூர் அளவிடாது விட்ட உள்ளத்தியல்பே இங்கு எண்ணாயிற்று. கூட்டுத்தொகையில் சேர்ந்தபின், சான்றிதழால் வந்த புள்ளி எது, ஊகத்தால் வந்தது எது என்று பிரித்தறிய இயலாது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் ஓர் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனால் ஆராயவும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் நம்பவும் பணிக்கிறது. இங்கோ ஒருவரின் மதிப்பீடே போதியதாயிற்று. எனினும், பிறந்த நாட்டை நோக்கிய பழைய பாகுபாட்டில் எஞ்சியதை அகற்றியது இம்முறையே. ரொறன்ரோவின் முன்னோடித் தமிழர் சிலருக்குக் கதவு திறந்ததும் இதனாலேயே.

2017இல் பெற்றோரையும் பாட்டன் பாட்டியையும் அழைக்கும் திட்டத்திற்குக் கனடாவும் குலுக்கலை மேற்கொண்டது. ஆயின் வரிசை மாறிற்று. உத்தரமேரூர் முதலில் தகுதியைச் சலித்துப் பின்னர் ஓலை எடுத்தது. கனடா முதலில் குலுக்கிப் பின்னர் ஆவணங்களைக் கேட்டது. தெரிவானோர் பலரிடமிருந்து முழுமையான விண்ணப்பம் வாராமையால், அவ்வாண்டு செப்டெம்பரில் மீண்டும் அழைப்பு விடுக்க நேர்ந்தது.