நாயின் பற்கள் எங்கே போயின?

உங்கள் வீட்டில் பழகிய நாய் ஒன்று இருக்கிறதா? அது கொட்டாவி விடும்போது வாய்க்குள் சற்று உற்றுப் பாருங்கள். மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22, ஆக 42 பற்கள் இருக்க வேண்டும். நமக்கு இருப்பதைவிடப் பத்து அதிகம்! கையை விட்டு எண்ணப் போகாதீர்கள். கண்ணால் எண்ணினால் போதும். தெரு நாயிடம் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். தப்பித்தவறி எந்த நாயாவது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எண்ணிக்கை 42-க்குக் குறைந்தால்? நாய்க்குட்டியாக இருந்தால் கவலை இல்லை. பால் பற்கள் 28 தான். அவை நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்திற்குள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். வயதான நாயாக இருந்தால் ஈறு நோயால் பல் ஆடி விழுந்திருக்கலாம். கல்லையோ எலும்பையோ கடித்து உடைந்திருக்கலாம். இவையெல்லாம் இருந்த பல்லை இழந்த கதைகள். முளைக்கவே முளைக்காத பல்லின் கதைதான் சுவையானது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல் குறைந்தாலே குறைபாடு என்று எண்ணிவிடாதீர்கள். முதுமலைக் காட்டில் கூட்டமாக வேட்டையாடும் செந்நாய்க்கு 40 பற்களே உண்டு. கீழ்த்தாடையில் பக்கத்திற்கு ஒரு கடைவாய்ப் பல் குறைவு. அது அந்த இனத்தின் இயல்பு.

ஆனால் மெக்சிகோவிலும் பெருவிலும் வளர்க்கப்படும் சில நாய்களின் செய்தி வேறு. இவற்றின் உடலில் மயிரே இருக்காது. யானைத்தோல் போன்ற கருஞ்சாம்பல் தோல்தான். மெக்சிகோ நாய்க்கு ‘ஷோலோ’ என்பது சுருக்கப் பெயர். சீனக் கொண்டை நாய் என்ற இனத்திற்குத் தலையிலும் வாலிலும் பாதங்களிலும் மட்டும் மயிர் உண்டு. இவற்றின் வாயைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் முன்கடைவாய்ப் பற்கள் இருப்பதில்லை. கோரைப் பற்களும் வெட்டுப் பற்களும்கூடப் பலவற்றில் குறைந்திருக்கும். பின்கடைவாய்ப் பற்கள் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும்.

மயிருக்கும் பல்லுக்கும் என்ன உறவு? 1859-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலிலேயே சார்லஸ் டார்வின், மயிரற்ற நாய்களுக்குப் பற்கள் நிறைவாக இருப்பதில்லை என்று குறிப்பிட்டார். காரணம் அவருக்குத் தெரியவில்லை.

காரணம் கருவில் இருக்கிறது. வளரும் கருவின் வெளிப்புறச் செல்லடுக்கைப் புறப்படை என்பர். அதில் ஆங்காங்கே சிறு சிறு தடிப்புகள் தோன்றுகின்றன. ஒரு தடிப்பு அடியிலுள்ள அடுக்கோடு வேதிச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டு உள்நோக்கிக் குழிந்து மயிர்க்கால் ஆகிறது. தாடையில் உள்ள தடிப்பு அதே முறையில் பல்லின் முளை ஆகிறது. வியர்வைச் சுரப்பியும் இப்படியே உருவாகிறது. மயிரும் பல்லும் வளர்ந்தபின் ஒன்றையொன்று அறியாதவை போல நிற்கின்றன, பிறப்பிலோ உடன்பிறப்புகள்.

இந்தத் தொடக்க வேலைக்கு வேண்டிய மரபணுக்களுள் ஒன்று ‘ஃபாக்ஸ்-ஐ-3’. ஷோலோ, பெரு நாய், சீனக் கொண்டை நாய் ஆகிய மூன்றிலும் இதே மரபணுவில் ஒரே பிழை இருப்பதை 2008-இல் அறிவியலார் கண்டுபிடித்தனர். டி.என்.ஏ.வின் ஏழு எழுத்துகள் தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருக்கின்றன. ஏழே எழுத்துதானே என்கிறீர்களா? செல், மரபணுவை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. ‘கடல் மணல் நகம்’ என்பதை மும்மூன்றாகப் படியுங்கள், பொருள் புரிகிறது. முன்னால் ஒரு ‘க’வைக் கூட்டிப் படியுங்கள்: ‘ககட ல்மண ல்நக ம்’. எல்லாம் உளறல்! ஏழு என்பது இரண்டு மூன்றும் மிச்சம் ஒன்றும். அந்த ஒன்றுதான் பிறகு வரும் அனைத்தையும் இடம் மாற்றிவிடுகிறது.

ஒவ்வொரு நாய்க்கும் இந்த மரபணுவின் படிகள் இரண்டு: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு படி கெட்டாலே மயிரும் பல்லும் குறைகின்றன. இரு படிகளும் கெட்டால் அந்தக் கரு பிறப்பதே இல்லை. ஆகவே உயிரோடுள்ள இந்த மயிரற்ற நாய் ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல படி இருந்தே தீரும். மயிரற்ற இரு நாய்களை இணைத்தால் என்ன ஆகும் என்று தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். நான்கில் ஒரு பங்கு கரு அழியும். இரு பங்கு மயிரற்றவை. ஒரு பங்கு அடர்ந்த மயிரும் முழுப் பற்களும் கொண்டவை. பிறக்கும் குட்டிகளில் சராசரியாக மூன்றில் ஒன்று மயிருள்ளது! அழகுக்காக இந்த இனத்தைப் பேணுவோர் ஒவ்வோர் ஈற்றிலும் சில கருக்களை இழக்கும் வாய்ப்பை ஏற்றே பேணுகின்றனர். இது சரியா என்ற கேள்வி எழுவது இயற்கையே. எனக்கு மனம் ஒப்பவில்லை.

மயிரற்ற நாய் எல்லாவற்றுக்கும் பல் குறையும் என்பதும் இல்லை. அமெரிக்க மயிரற்ற டெரியர் நாய்க்கு வேறொரு மரபணுவில் பிழை. அந்த மரபணு மயிரை மட்டுமே பாதிப்பதால் பற்கள் முழுமையாக இருக்கின்றன.

டார்வின் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். 1875-இல் வெளிவந்த ஒரு பதிப்பில் சிந்து நாட்டு இந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றிய செய்தி வருகிறது. நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் மிகக் குறைவு. உடலில் மயிரும் குறைவு, இளமையிலேயே வழுக்கை. கோடையில் தோல் வறண்டு பெருந்துன்பம். பெண்களுக்கு இந்தக் குறை வருவதில்லை. ஆயினும் மகளின் வழியாகப் பேரனுக்கு வந்தது. குறை எக்ஸ் குரோமோசோமில் உள்ளது என்று நீங்கள் இப்போது எளிதில் ஊகிப்பீர்கள். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது பெருமளவு ஈடு செய்கிறது. ஆணுக்கு இருப்பதோ ஒன்றே. இப்பிணிக்குக் காரணமான மரபணு 1996-இல் அடையாளம் காணப்பட்டது. கருவின் தடிப்புகளுக்குக் கட்டளை தரும் ஒரு புரதத்தை அது ஆக்குகிறது. நாம் பார்த்த ஃபாக்ஸ்-ஐ-3 அந்தக் கட்டளைத் தொடரில் ஒரு கண்ணி.

வியர்வைச் சுரப்பி சரியாக இல்லாத குழந்தைக்கு வெயில் உயிருக்கே ஆபத்து. இதே பிணி நாய்களிலும் உண்டு. அத்தகைய குட்டிகளுக்குப் பிறந்தவுடன் அந்தப் புரதத்தை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். நிலைப்பற்கள் பெருமளவு சரியாக முளைத்தன; வியர்வையும் கூடியது. இது 2007-இல் வெளியான ஆய்வு. 2018-இல் ஜெர்மனியிலிருந்து அடுத்த செய்தி வந்தது. கருவில் இருந்த இரட்டைச் சிறுவர்களுக்கும் வேறொரு சிறுவனுக்கும், தாயின் வயிற்றிலுள்ள பனிநீரில் அதே புரதத்தைச் செலுத்தியிருந்தனர் மருத்துவர்கள். மூவரும் பிறந்தபின் அவர்கள் தோலைச் சோதித்தார்கள். வியர்த்தது.