சொல் உணர்த்திய காலம்

மத்திய காலம் முடிந்து நவீன காலம் தோன்றிய ஆண்டு யாதென மாணவரை வினவினால், துருக்கியர் கொன்ஸ்தாந்தினோபிளைக் கைப்பற்றிய 1453 என்பர் சிலர். கொலம்பஸ் மேற்றிசைக் கடலிற் கலஞ் செலுத்திய 1492 என்பர் வேறு சிலர். இரண்டும் ஏற்புடையனவே. ஆயினும், மொழி பயில்வோர் மறத்தலாகாத ஆண்டு இன்னுமொன்று உண்டு. அது 1440.

உரோமப் பேரரசன் கொன்ஸ்தாந்தீன், நான்காம் நூற்றாண்டிலே, பாப்பரசர் முதலாம் சில்வெஸ்தருக்கு உரோமாபுரியையும் மேற்குப் பேரரசின் ஆட்சியையும் ஈந்தான் எனக் கூறும் சாசனம் ஒன்று ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிவந்தது. மன்னரினும் பாப்பரசர் மேலானவர் என வாதிட்டோர் அதனை ஆதாரமாகக் காட்டினர். அக்கொடையாலே திருச்சபைக்குக் கேடு விளைந்ததென வருந்திய மகாகவி தாந்தேயும் சாசனத்தை மெய்யென்றே கொண்டார்.

1440இல் லொறென்சோ வல்லா என்னும் இத்தாலிய அறிஞர் அதனைச் சொற்சொல்லாக ஆராய்ந்தார். உரோம அதிகாரிகளின் வரிசையிலே, பாரசீக ஆளுநரைக் குறிக்கும் ‘சத்திரபர்’ என்னும் பெயர் புகுந்தது எங்ஙனம்? கொன்ஸ்தாந்தினோபிள் நகர் உருவாகுமுன்னரே அதன் திருச்சபைப் பீடம் பேசப்படுவது எங்ஙனம்? நான்காம் நூற்றாண்டு இலத்தீன் இத்துணைக் கொச்சையாய் இருந்ததோ? இவ்வாறு வினவி, சாசனம் பிற்காலத்துப் புனைவு என நிறுவினார். எட்டாம் நூற்றாண்டளவில் எழுந்தது அது என்பது இன்றைய அறிஞர் பலர் துணிபு.

வல்லா அக்காலத்திலே அல்பொன்சோ மன்னனின் ஆதரவில் வாழ்ந்தவர். நேப்பிள்ஸ் அரசு குறித்து அம்மன்னனுக்கும் பாப்பரசருக்கும் பகைமை இருந்தது. ஆதலின் அவர் நூலில் அரசியல் நோக்கம் இல்லையென்றல் பொருந்தாது. ஆயினும், நோக்கம் யாதாயினும் சொல் தந்த சான்று சான்றேயாம். 1448இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் அவரைத் தம் அரசவைப் பணியில் அமர்த்தியமை அவர்தம் புலமைக்குக் கிடைத்த மதிப்பாகும். புதிய ஏற்பாடு பற்றி வல்லா எழுதிய குறிப்புகளை எராஸ்மஸ் 1505இல் அச்சேற்றினார். 1516இல் அதன் கிரேக்க மூலத்தையும் பதிப்பித்தார். சாசனம் பற்றிய நூலை 1520இல் மாட்டின் லூதர் படித்தார்.

மத்தியகால ஓவியர் பண்டை வீரருக்குத் தங்காலத்துக் கவசத்தையே அணிவித்தனர். முற்காலம் வேறு, தங்காலம் வேறு என்னும் உணர்வு அவர்பால் வலுப்பெறவில்லை. ஒவ்வொரு காலத்துக்கும் அதற்குரிய சொல்லும் வழக்கும் உண்டு என்பதை வல்லாவின் ஆராய்ச்சி காட்டிற்று. அவ்வுணர்வே நவீன வரலாற்றறிவின் வித்து. சாசனத்தின் பழம்பெருமைக்கு அஞ்சாது, ‘இச்சொல் அக்காலத்தில் வழங்கியதா?’ என ஓர் இலக்கண ஆசிரியர் வினவிய வினாவிலே அது முளைத்தது. நம் மாணவரும் அவ்வினாவை வினவப் பழகுவாராக.