தோளில் கட்டும் தூளி



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தூளியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று, அதைத் தொங்கவிட வீட்டு விட்டத்தில் ஒரு கயிறு, ஆட்டிவிடப் பாட்டியின் கை. பிள்ளை தூங்கிவிடும். ரப்பர் மரத்தில் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். ஆகையால் தாய் பொழுது புலர்வதற்கு முன்பே பெரட்டுக்குப் போயாக வேண்டும். பச்சிளங் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அவள் மரம் சீவப் போவாள். அங்கே வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஓர் ஆயா பல பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். நம்மில் பலர் அப்படி வளர்ந்தவர்கள்தாம்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலைமை மாறிவிட்டது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் வந்தன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் பல இப்போது அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. அங்கே தூளி கட்ட விட்டம் இல்லை. கூப்பிட்டால் ஓடிவரப் பக்கத்து லயத்துப் பாட்டியும் இல்லை. கணவன் வேலைக்குப் போன பிறகு புதிதாய்ப் பிள்ளை பெற்ற பெண் தனியாக இருக்கிறாள். பிள்ளை கையை விட்டு இறங்க மறுக்கிறது. சோறு வடிக்க வேண்டும், துணி காயப்போட வேண்டும், மூத்த பிள்ளைக்குத் தலைவார வேண்டும். இரண்டு கை போதவில்லை.

இந்த நிலையில் உதவக்கூடிய ஒரு பழைய வழியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். பிள்ளையைத் துணியால் உடலோடு கட்டிக்கொள்வதே அது.

இது நமக்கு அந்நியமான பழக்கம் அல்ல. தமிழ்ப் பெண்கள் பிள்ளையை ஒக்கலில் வைத்துக்கொண்டு அரை வேலையை முடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் செல்லும் நரிக்குறவப் பெண்கள் துணியால் பிள்ளையை உடம்போடு கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். நம் அண்டை வீட்டாரையே பாருங்கள். மலாய்த் தாய்மார்கள் பாத்தேக் துணியைத் தோளுக்குக் குறுக்கே கட்டிப் பிள்ளையைச் சுமப்பார்கள். சீனத் தாய்மார்கள் சதுரத் துணியில் நான்கு நாடா வைத்துத் தைத்து, அதனால் பிள்ளையை முதுகில் கட்டுவார்கள். சரவாக் மாநிலத்தில் கென்யா, கயான் இனத்தவர் பிள்ளை சுமக்கும் கூடைக்கு மணி கோத்த அலங்காரம் செய்கிறார்கள். அந்த மணி வேலை குடும்பத்தின் அந்தஸ்தையும் காட்டும்.

இதனால் பிள்ளைக்கு என்ன நன்மை? 1986ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதித் தாய்மாரிடம், பிள்ளை அழாத நேரத்திலும் நாள்தோறும் கூடுதலாகச் சுமக்கும்படி சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் ஆறு வார வயதில் மற்றப் பிள்ளைகளைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. ஆனால் ஏற்கெனவே ஓயாமல் வீறிட்டு அழும் பிள்ளைகளிடம் 1991இல் செய்த சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே அழுகைக்கெல்லாம் இது மருந்து என்று எண்ண வேண்டாம். பிள்ளை விடாமல் அழுதால் மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள்.

இன்னொரு செய்தி. 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், அந்தக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர் வந்தது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இந்த முறையைத் தொடங்கலாம் என்று பரிந்துரைத்தது. தாயின் உடம்புச் சூட்டுக்கு அவ்வளவு வலிமை. ஆனால் அது மருத்துவமனையில் கற்றுக்கொள்ள வேண்டிய முறை. குறைமாதப் பிள்ளையையும், மூச்சுத் தொல்லை உள்ள பிள்ளையையும் மருத்துவரைக் கேட்காமல் நாமாகக் கட்டிக்கொள்ளக் கூடாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள்.

தூளிக்கும் தோளில் கட்டும் துணிக்கும் துணி ஒன்றுதான். ஆனால் அமைப்பு ஒன்றல்ல. தூளியைப் போலவே ஒரு பை செய்து, அதில் பிள்ளையைப் படுக்கப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து. பச்சைப் பிள்ளையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் வலு கிடையாது. தொங்கும் பையில் பிள்ளை சுருண்டால் தாடை நெஞ்சில் அழுந்தும். மூச்சுக் குழல் மெல்லியது, மடங்கிவிடும். துணி மூக்கை மூடினாலும் பிள்ளையால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. மூச்சுத் திணறும் பிள்ளை கத்தாது. சத்தமே இல்லாமல் அடங்கிவிடும். 2010ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்திய 20 ஆண்டுகளில் தோளில் மாட்டும் பைகளோடு தொடர்புடைய 14 மரணங்கள் அதன் கவனத்துக்கு வந்திருந்தன. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதம் நிறையாதவை.

ஆகவே, தூளியில் பிள்ளை படுத்திருக்கும். உடலில் கட்டும்போது பிள்ளை நிமிர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டியபின் நான்கு இடங்களைப் பாருங்கள். முதலாவது முகம். குனிந்து பார்த்தால் பிள்ளையின் முகம் முழுவதும் தெரிய வேண்டும். துணியை விலக்கித்தான் பார்க்க முடிகிறது என்றால் கட்டு சரியில்லை. இரண்டாவது தாடை. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். மூன்றாவது உயரம். தலையைத் தாழ்த்தினால் பிள்ளையின் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும். வயிற்றளவில் தொங்கினால் கட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான்காவது கால். முழங்கால் இரண்டும் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்காருவதுபோல் அகன்றிருக்க வேண்டும். துணி ஒரு முழங்காலின் பின்புறத்திலிருந்து மறு முழங்காலின் பின்புறம்வரை தொடையைத் தாங்க வேண்டும். காலை நீட்டிச் சேர்த்துக் கட்டுவது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். ஜப்பானில் 1970களில், குழந்தையின் காலை நீட்டிக் கட்டும் வழக்கத்தை விடும்படி நாடு முழுவதும் பிரசாரம் செய்தார்கள். அதன்பின் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு விலகும் கோளாறு அங்கே வெகுவாகக் குறைந்தது.

இனி, துணியை வீட்டிலேயே தைக்கும் முறையைச் சொல்கிறேன். சீனத் தாய்மாரின் நான்கு நாடாத் துணியே புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எளிது. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தடித்த பருத்தித் துணி வேண்டும். டிரில் துணியோ மெல்லிய ஜீன்ஸ் துணியோ ஏற்றது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளிலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கத்திலும், கோலாலம்பூர் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையிலும் துணி வாங்கலாம். பட்டு, நைலான், வழுக்கும் சேலைகள் ஆகா, முடிச்சு நிற்காது. நைந்த பழஞ்சேலையும் ஆகாது. 120 சென்டிமீட்டர் அகலமுள்ள துணியில் இரண்டேகால் மீட்டர் போதும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயவைத்தால் பின்னர் சுருங்காது.

முதலில் 48 சென்டிமீட்டர் அகலமும் 53 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். இவை பிள்ளையின் முதுகைத் தாங்கும். பிறகு 23 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று நாடாக்கள். இரண்டு நாடா 208 சென்டிமீட்டர் நீளம், இவை தோளுக்கு. ஒரு நாடா 180 சென்டிமீட்டர், இது இடுப்புக்கு. தையலுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் விடுங்கள். நாடாக்களை நீளவாக்கில் மடித்துத் தைத்தால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரும். இதைவிடக் குறுகினால் தோளை அறுக்கும்.

இரண்டு முதுகுத் துண்டுகளையும் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி சேர்த்துப் பக்கவாட்டிலும் அடியிலும் தைத்துத் திருப்புங்கள். மேல் மூலை இரண்டிலும் தோள் நாடாவின் நுனியை 8 சென்டிமீட்டர் உள்ளே செருகுங்கள். செருகிய இடத்தில் சதுரமாகத் தைத்து, அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல் தையல் ஓட்டுங்கள். அதன்மேல் இன்னொரு முறையும் ஓட்ட வேண்டும். பாரம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இடுப்பு நாடாவை வெட்டாமல் முழுதாக, அதன் நடுப்பகுதி முதுகுத் துண்டின் அடி ஓரத்தில் படியும்படி வைத்து, அங்கேயும் சதுரமும் குறுக்குமாகத் தையுங்கள். பிறகு மேல் ஓரத்தை மூடிவிடுங்கள். பிறந்த சில வாரப் பிள்ளைக்கு 45 சென்டிமீட்டர் அகலம் அதிகம். ஒரு சிறு நாடாவால் அடிப்பக்கத்தைச் சுருக்கிக் கட்டி, முழங்காலுக்கு முழங்கால் சரியாக வரச் செய்யலாம்.

பிள்ளையை வைப்பதற்கு முன் ஒரு சோதனை. பத்துக் கிலோ அரிசிப் பையை அதில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கால் மணி நேரம் நடங்கள். பிறகு தையலை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். நூல் விட்டிருந்தால் மீண்டும் தையுங்கள். பிறகும், ஒவ்வொரு முறை கட்டுவதற்கு முன்னும் தையலைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கட்டும் விதம் இது. முதலில் இடுப்பு நாடாவை, துண்டு முன்னால் ஏப்ரன்போல் தொங்கும்படி கட்டிப் பின்னால் இரட்டை முடிச்சுப் போடுங்கள். கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளையை மார்பில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளுங்கள். துண்டைத் தூக்கிப் பிள்ளையின் முதுகை மூடுங்கள். தோள் நாடாக்களைத் தோளுக்கு மேல் பின்னே கொண்டுபோய், முதுகில் குறுக்காக மாற்றி, அக்குளுக்குக் கீழாக முன்னே கொண்டுவாருங்கள். பிள்ளையின் பிட்டத்துக்குக் கீழே குறுக்காக மாற்றி, மறுபடி பின்னே கொண்டுபோய் இரட்டை முடிச்சுப் போடுங்கள். முடிச்சு விழும்வரை ஒரு கை பிள்ளையை விடக் கூடாது. முதல் சில நாள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பழகுங்கள். பிள்ளை தானாக உட்காரப் பழகும்வரை, அதாவது ஏறக்குறைய ஆறு மாதம்வரை, முதுகில் கட்ட வேண்டாம். அறுவைச் சிகிச்சை செய்து பிள்ளை பெற்றவர்கள் புண் ஆறிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே கட்ட வேண்டும்.

எப்போது கட்டக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கொதிக்கும் அடுப்பின் முன் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வேண்டவே வேண்டாம். உச்சி வெயிலில் நெடுநேரம் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் இரண்டு உடம்புச் சூடும் சேரும். ஆகவே பிள்ளைக்கு மெல்லிய சட்டை ஒன்று போதும். அடிக்கடி பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்துச் சுட்டால் அவிழ்த்துவிட்டுப் பால் கொடுங்கள். பால் குடிக்கும்போது துணியைத் தளர்த்தியிருந்தால், குடித்து முடித்ததும் பழையபடி உயர்த்தி இறுக்குங்கள்.

இன்றும் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல். பால்வெட்டுக் கத்தி பிடிக்கும்போதும், செம்பனைக் குலை வெட்டும் இடத்திலும் பிள்ளையைச் சுமக்கக் கூடாது. மருந்தடிக்கும் நிரைப்பக்கம் பிள்ளையைக் கொண்டுபோகவே கூடாது. பராக்குவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி முதல் தேதியோடு தடை செய்துவிட்டது. ஆனாலும் மற்ற மருந்துகளும் பிள்ளையின் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாதவையே. மருந்தடித்த உடுப்பைக் கழற்றி, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். பிள்ளைத் துணியை அந்த உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

இந்த வேலைகளுக்குப் போகும்போது பிள்ளை இருக்க வேண்டிய இடம் காப்பகம். 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தோட்டத்தில் நான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் காப்பகம் அமைக்கும்படி முதலாளிக்குக் கட்டளையிடத் தொழிலாளர் இலாகாவுக்கு அதிகாரம் தருகிறது. மேலும் 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கும் சற்று அதிகம். பிள்ளையின் மூச்சுக்கு அதிகக் காவல் தேவைப்படும் காலமும் ஏறக்குறைய அதுதான். அந்த நாட்களைப் பிள்ளையோடு முழுதாகக் கழியுங்கள்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் துணியின் நாடா உங்கள் தோளுக்கும் எட்டும். மாலையில் ஒரு மணி நேரம் நீங்கள் கட்டிக்கொண்டால் தாய் குளித்து, சாப்பிட்டு, சற்றுக் கண்ணயரலாம். பச்சை உடம்புக்காரிக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அன்று தூளியை ஆட்ட ஒரு வீடு முழுக்க ஆள் இருந்தது. இன்று ஆள் குறைந்துவிட்டது. துணி அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். ஆனால் துணிக்குக் கண் கிடையாது. பிள்ளையின் மூக்கையும் தாடையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது நம் கண்தான்.