சென்னையிலிருந்து சீர்காழி கம்ப்யூட்டரைத் திறக்க எந்த வழி சரி?

வேலை சென்னையில். அப்பாவின் உரக்கடை சீர்காழியில்; கொள்ளிடத்திலும் வைத்தீஸ்வரன்கோவிலிலும் கிளைகள். சம்பா நேரத்தில் மூன்று கடைகளின் டேலி கணக்கையும் ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தாக வேண்டும். கடையில் இருப்பவருக்கு போன் போட்டால், "தம்பி, ஸ்கிரீன்ல ஏதோ நம்பர் வருது, அதைச் சொல்லணுமா?" என்பார். ஊரில் கடையும் வெளியூரில் வேலையுமாக இருக்கும் பலருக்கும் இது பழகிய காட்சிதான்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது 'எந்த ஆப் நல்லது?' என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, நாம் உள்ளே நுழையும் நேரத்தில் அந்தப் பக்கம் ஆள் இருப்பாரா, மாட்டாரா என்பது.

ஆள் இருந்தால் எனிடெஸ்க், டீம்வியூவர் போதும். இரண்டு பக்கக் கம்ப்யூட்டரும் அந்த நிறுவனத்தின் சர்வரைத் தேடிப்போய் இணைந்துகொள்வதால், ரவுட்டரில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டுமே தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்தான் இலவசம். கடைக் கணக்குக்குத் தினமும் பயன்படுத்தினால், வணிகப் பயன்பாடு என்று சந்தேகித்து இணைப்பைப் பாதியிலேயே துண்டித்துவிடும். லைசென்ஸ் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க்கை இறக்கச்சொல்லி, அந்த நம்பரை வாங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஆப்பில் கோளாறு இல்லை, நம்பரைக் கேட்டவர்தான் திருடர். ஆனால் நம்பரை போனில் சொல்லிச் சொல்லிப் பழகிய கடை ஊழியர், அடுத்த முறை வேறு யாரோ கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ராத்திரி கடை பூட்டியிருக்கும்போது நுழைய வேண்டும் என்றால் கதை வேறு. ஒரே கம்ப்யூட்டர்தான் என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் எளிது: கூகுள் கணக்கு, ஒரு பின் நம்பர், அவ்வளவுதான். ஆனால் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே ஜிமெயிலைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இருந்தால், இதைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் ஹோம் பதிப்புக்குள் வெளியிலிருந்து நுழைய முடியாது, ப்ரோ வேண்டும். ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்லித்தருவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அது தெருவைப் பார்த்துக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. 2019 மே மாதம் இந்த வசதியில் 'புளூகீப்' என்ற ஓட்டை தெரியவந்தபோது, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு ஆபத்து. தவிர, பல இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், போர்ட்டைத் திறந்தாலும் வேலை செய்யாது.

மூன்று கடைகளுக்குப் பொருத்தமானது, டெயில்ஸ்கேல் போன்ற தனி நெட்வொர்க். வயர்கார்டு என்ற முறையில் எல்லாத் தகவலையும் பூட்டி அனுப்பும் இது, உங்கள் லேப்டாப்புக்கும் மூன்று கடைகளுக்கும் நடுவே தனி வாய்க்கால் வெட்டுகிறது. அதற்குள் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்தலாம். வெளியாள் கண்ணுக்குக் கதவே தெரியாது. லேப்டாப் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும். அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

இரண்டு விஷயங்களை மட்டும் மறக்கக் கூடாது. யாரும் லாகின் செய்யாதபோதும் இயங்கும்படி 'அன்அட்டெண்டட்' வசதியை ஆன் செய்ய வேண்டும். வழக்கமாக 180 நாளில் சாவி காலாவதியாகும். கடைக் கம்ப்யூட்டர்களுக்கு அதை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் திடீரென ஒருநாள் இணைப்பு போய்விடும், நீங்கள் பஸ் ஏற வேண்டியதுதான்.

எந்த வழியானாலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, இணையதளக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை ரத்து செய்தது.

இனி சீர்காழிக்கே உரிய சிக்கல். 2022 நவம்பர் 11 அன்று இங்கே ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் முதலில் போவது கரண்ட்தான். கரண்ட் திரும்பி வந்தாலும் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகாவிட்டால், மேலே சொன்ன எதுவும் பயன்படாது. பெரும்பாலான டெஸ்க்டாப்களின் பயாஸில், மின்சாரம் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் ஒரு அமைப்பு இருக்கும். அதை 'பவர் ஆன்' என்று மாற்றி, ஸ்லீப்பை அணைத்து, ரவுட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் கொடுங்கள். கணக்கின் நகலைக் கடைக்கு வெளியே வேறொரு இடத்திலும் வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், கடையில் ஆள் இருக்கும்போதே ஒரு சோதனை: கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி செருகச் சொல்லுங்கள். அவர் வேறு எந்தப் பட்டனையும் தொடாமல், சென்னையிலிருந்து உங்களால் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள்.